பேர், இடம், நேரம்

கண்டியில் கட்டுக்கலைப் பக்கம் போய் பாலாம்பிகை மிஸ்ஸைத் தெரியுமா என்று கேட்டால், தெரியாது என்பவர்கள் குறைவு. தெரிந்தவர்கள் முதலில் சொல்வதும் ஒன்றேதான். "அந்த மிஸ்ஸுகிட்ட எதையாவது சொல்லப் போறீங்கன்னா சாட்சியோட போங்க." மீன்காரர் "இன்னைக்குப் புடிச்ச மீனு" என்று கூவினால், "யாரு புடிச்சா, எங்க புடிச்சா, கண்டிக்கு எத்தன மணிக்கு வந்துச்சு?" என்று படியில் நின்று கேட்கிற ஆள் அவர். மீன்காரர் நாளடைவில் அந்த வாசலில் கூவுவதை விட்டுவிட்டு, மீனின் செவுளை மட்டும் தூக்கிக் காட்டிவிட்டு நிற்கப் பழகிக்கொண்டார்.

நகரத்து நூலகம் ஒன்றில் முப்பத்திரண்டு வருடம் புத்தகம் கொடுத்து வாங்கிய கை அவருடையது. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அம்மா வடிவம்மா போய்ச் சேர்ந்த பிறகு, மேட்டுக்கு ஏறுகிற படிக்கட்டுப் பாதையில் இரண்டு அறை வீட்டில் தனியே இருந்தார். வேலையில் இருந்து ஓய்வு பெறுகிறவர்கள் பொதுவாகக் கோயிலுக்கும் டாக்டருக்கும் நேரத்தைப் பங்கு போட்டுக் கொடுப்பார்கள். பாலாம்பிகைக்கு இரண்டு இடத்திலும் பெரிதாக நம்பிக்கை கிடையாது. அதனால் அவர் ஒரு வகுப்பு ஆரம்பித்தார்.

அதற்குக் காரணமாக இருந்தவர் நவரட்ணராஜா. யாழ்ப்பாணத்துக்காரர், நீர்ப்பாசனத் திணைக்களத்தில் எஞ்சினியராக இருந்து ஓய்வு பெற்றவர், பேராதனையில் சொந்த வீடு. பாலாம்பிகை வேலையில் இருந்த கடைசி வருடம், ஒரு நாள் அவர் கையில் போனைப் பிடித்தபடி நூலகத்துக்குள் வந்தார். முகமெல்லாம் சிரிப்பு.

"பிள்ளை, எனக்கு லொத்தரிலை கார் விழுந்திருக்கு. பாங்க் கார்ட் நம்பரைக் கேட்டு அனுப்பியிருக்கிறாங்கள். எழுத்துச் சின்னனாக் கிடக்கு, நீர் ஒருக்கா வாசிச்சுச் சொல்லும்."

"நீங்க லொத்தர் வாங்குனீங்களா சார்?"

"இல்லை."

"வாங்காத லொத்தர்ல எப்படி சார் விழும்?"

நவரட்ணராஜா போனைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். எத்தனையோ அணைக்கட்டுக்கு அளவு போட்ட மூளை அது. "ஓம், அதுவும் ஞாயந்தான்" என்று சொல்லிவிட்டு, வந்தபோது இருந்த சிரிப்பு இல்லாமல் திரும்பிப் போனார். இவ்வளவு படித்த மனிதரே இப்படி என்றால் மற்றவர்கள் கதி என்ன என்று பாலாம்பிகைக்கு ஆத்திரம் வந்தது. வயதான தாய் தகப்பனுக்குப் போனை வாங்கிக் கொடுத்துவிட்டுப் பிள்ளைகள் விமானம் ஏறிவிடுகிறார்கள். அதில் வருவதில் எது மெய், எது பொய் என்று சொல்லிக்கொடுக்க ஒருவருக்கும் நேரமில்லை.

சனிக்கிழமைகளில் காலை பத்து மணிக்கு, சனசமூக நிலையத்தின் வாசிப்பறையில் வகுப்பு. கதிரைகள் பன்னிரண்டு, ஆட்களும் ஏறக்குறைய அவ்வளவுதான். எல்லோரும் அறுபதைத் தாண்டியவர்கள். முதல் மாதம் முழுக்கக் கண்ணாடியைத் தேடுவதிலும், எழுத்தைப் பெரிதாக்குவதிலும், தவறிப்போய் யாருக்கோ எடுத்த வீடியோ அழைப்பை நிறுத்துவதிலும் போனது. நவரட்ணராஜா முன் வரிசையில் வந்து உட்கார்ந்தார். பாகற்காய்ச் சாறு குடித்தால் சீனி வருத்தம் ஓடிவிடும் என்று எழுபத்தேழு பேருக்கு அனுப்பிவிட்டு, எழுபத்தெட்டாவதாக மிஸ்ஸுக்கும் அனுப்பியவர் அவர்தான்.

பாலாம்பிகை கரும்பலகையில் மூன்று சொல் எழுதினார். பேர், இடம், நேரம். எழுதிவிட்டு இப்படிச் சொல்லிக்கொடுத்தார்.

"பயங்காட்டுற செய்தி வந்தா நெஞ்சு படபடன்னு அடிக்கும். அடிக்க ஆரம்பிச்ச ஒடனே நிறுத்திடுங்க. வொய்ஸ் மெசேஜா இருந்தா பாதியிலயே நிறுத்துங்க. பூராத்தையும் கேட்டா மூளை வேலை செய்யாது, கால்தான் வேலை செய்யும். நிறுத்திட்டுப் புத்தகத்துல எழுதுங்க. யாரு கண்டது? எங்க கண்டது? எத்தன மணிக்கு? மூணுக்கும் பதில் இல்லன்னா நம்பவும் கூடாது, அனுப்பவும் கூடாது."

பின்வரிசையில் இருந்து ஒரு கை எழும்பியது. முனாப். திகன ரூட்டில் முப்பது வருடம் பஸ் கொண்டக்டராக இருந்தவர், கத்திக் கத்தியே தொண்டை கட்டிப்போனவர்.

"மிஸ், நாங்களே ஒண்டக் கண்டா? எங்கட கண்ணால? அப்ப அனுப்பலாந்தானே?"

"தாராளமா அனுப்பலாம். ஆனா கடுதாசி மாதிரி இருக்கணும். விசயத்தச் சொல்லுங்க. முடிவுல கையெழுத்துப் போடுற மாதிரி பேர், இடம், நேரம் மூணையும் சொல்லி முடிங்க. கையெழுத்து இல்லாத கடுதாசிய யாரும் மதிக்க மாட்டாங்க."

முனாப் உடனே ஒரு கையில் பாலில்லாத தேத்தண்ணிக் கோப்பையோடு, மறு கையால் போனைத் தூக்கி வாயருகே பிடித்தார். "மிஸ் பிளேன்டி தாராங்க. சீனி காணா. இப்படிக்கு முனாப், வாசிப்பறை, மணி பதினொண்டேகால்." அறை முழுக்கச் சிரித்தது. பாலாம்பிகையும் சிரித்தார். அந்த வகுப்பில் அவர் வாய்விட்டுச் சிரித்தது அபூர்வம். முனாப் ஐந்தாறு சனிக்கிழமை வந்தார், பிறகு முழங்கால் வலி என்று நின்றுவிட்டார். அவர் நின்றதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

வகுப்பின் கெட்டிக்காரி ஆஸியா உம்மா. அறுபத்தெட்டு வயது. பல்லேகலவுக்கும் திகனவுக்கும் நடுவில் வீடு. கணவர் லாபிர் தையற்காரர். வீட்டின் முன்பக்கம் தையற்கடை, பின்பக்கம் குடியிருப்பு. லாபிருக்குப் பாரிசவாதம் வந்து வலது பக்கம் விழுந்த பிறகு கடை பூட்டிக் கிடந்தது. வெட்டுத்துணி மூட்டைகளும் பெயர்ப்பலகையும் மட்டும் இருந்த இடத்திலேயே இருந்தன. ஒரே மகன் றிஸ்வி கட்டாரில். பேத்தியின் முகத்தைப் பார்ப்பதற்காக அவன் வாங்கி அனுப்பிய போன்தான் ஆஸியா உம்மாவின் கையில் இருந்தது.

பக்கத்து வீட்டுப் பெண்ணை லாபிருக்குத் துணையாக வைத்துவிட்டு, சனிக்கிழமை தவறாமல் பஸ் ஏறி வருவார். ஒரு அப்பியாசக் கொப்பி வைத்திருந்தார். அதில் எழுதுவது தமிழ்தான், எழுத்து மட்டும் அரபு. சின்ன வயதில் குர்ஆன் மதுரசாவில் பழகிய கை, வேறு எழுத்து வராது. பாலாம்பிகையால் அதை வாசிக்க முடியாது. அதனால் ஆஸியா உம்மா வாசித்துக் காட்ட, மிஸ் கேட்டு, சிவப்புப் பேனாவால் சரி போட்டுக் கொடுப்பார். கிழமைக்கு ஒரு செய்தியைக் கொண்டுவந்து அதை மூன்று கேள்வியால் சோதிக்க வேண்டும், அதுதான் வீட்டுவேலை. பிளாஸ்டிக் அரிசி என்று ஒரு செய்தி ஊரெல்லாம் சுற்றிய நேரம், ஆஸியா உம்மா பேர், இடம், நேரம் மூன்றும் தெரியாது என்று எழுதியதோடு நிற்காமல், வீட்டு அரிசியில் ஒரு சுண்டு எடுத்து அவித்தும் பார்த்தார், வறுத்தும் பார்த்தார். "றிஸ்விட வாப்பாக்கு அண்டைக்குப் பகச் சோறு மூணு மணிக்குத்தான், மிஸ்" என்று அவர் சொன்னபோது பாலாம்பிகை இரண்டு சரி போட்டார்.

வகுப்பு முடிந்து இருவரும் வாவிக்கரை வழியாக பஸ் நிலையம் வரை நடப்பார்கள். அப்படி ஒரு நாள், கல் கட்டில் உட்கார்ந்திருந்தபோது ஆஸியா உம்மா கேட்டார். "மிஸ், ஒங்களுக்கு ஏன் இவளவு சந்தேகம்? பொறப்புலயேயா?"

பாலாம்பிகை யாருக்கும் சொல்லாததை அன்றைக்குச் சொன்னார்.

எண்பத்து மூன்று ஆடி, தமிழர்களைத் தேடித் தேடி அடித்த கலவரம். அப்போது அவருக்கு இருபத்து மூன்று வயது. திருகோணமலை வீதிக்குப் பின்னால் வாடகை வீடு. அப்பா அழகர் ஒரு புடவைக்கடையில் விற்பனையாளர். கடைகள் எரிகின்றன என்று புகை தெரிந்தது, ஆனால் அவர்கள் இருந்த சந்து அமைதியாக இருந்தது. பக்கத்து வீட்டுச் சிங்களக் குடும்பம், உள்ளே இருங்கள், நாங்கள் கேட்டில் நிற்கிறோம் என்று சொல்லியிருந்தது. அந்த நேரத்தில் ஒருவர் ஓடிவந்து, "சந்து முனைக்கு வந்துட்டாங்க, ஓடுங்க" என்று கத்திவிட்டுப் போனார். அப்பா ஒரு கேள்வியும் கேட்கவில்லை. அம்மாவையும் மகளையும் இழுத்துக்கொண்டு வீதிக்கு இறங்கினார். சந்து முனையில் ஒருவரும் இல்லை. அதற்கு அப்பால், பெரிய வீதியில்தான் அந்தக் கும்பல் நின்றது. அப்பாவை இழுத்துக்கொண்டு போனதை மகள் கண்ணால் கண்டார். மூன்றாம் நாள் திரும்பி வந்து பார்த்தால் வீட்டில் ஒரு கண்ணாடி உடையவில்லை. முற்றத்தில் காயப்போட்ட அப்பாவின் சாரம் அப்படியே கொடியில் கிடந்தது.

"கத்திட்டு ஓடுன ஆள ஆறு மாசம் தேடிக் கண்டுபுடிச்சேன் உம்மா. நீங்க கண்டீங்களான்னு கேட்டேன். இல்ல, ஒருத்தர் சொன்னாருன்னு சொன்னான். வீட்டுக்குள்ள இருந்திருந்தா எங்கப்பா இருந்திருப்பாரு."

ஆஸியா உம்மா பக்கத்தில் நகர்ந்து உட்கார்ந்தார். தன் சேலைத் தலைப்பால் மிஸ்ஸின் முகத்தைத் துடைத்துவிட்டார். பிறகு இருவரும் எழுந்து பஸ்ஸுக்குப் போனார்கள்.

இரண்டாயிரத்துப் பதினெட்டு மார்ச்சில், ஒரு திங்கட்கிழமை. திகனப் பக்கம், முஸ்லிம் இளைஞர்கள் சிலர் அடித்ததில் இறந்த ஒரு சிங்கள லொறிச் சாரதியின் சவ அடக்கம் அன்று. இரண்டு மூன்று நாளாகவே போன்கள் பொங்கிக்கொண்டிருந்தன. பாலாம்பிகைக்கு மட்டும் அன்று காலை பதினொரு செய்தி வந்தது. அவற்றில் ஒன்று வேறு நாட்டில் எரிந்த பள்ளிவாசலின் படம், ஒன்று நாலு வருடத்துக்கு முந்திய வீடியோ. எல்லாவற்றையும் பொய் என்று கண்டுபிடித்து வகுப்புக் குழுவில் போட்டார். தன்னுடைய பாடத்துக்கு இப்படி ஒரு தேவை வந்ததில் அவருக்கு உள்ளூரக் கொஞ்சம் பெருமையும் இருந்தது. அதை ஒளிப்பதற்கில்லை.

பகல் ஒன்று முப்பத்தைந்துக்கு ஆஸியா உம்மா அழைத்தார்.

"மிஸ், ஒரு வொய்ஸ் வந்தீக்கி. பஸ்ஸுல ஆக்கள் வாராங்களாம், கையில பொல்லு தடி ஈக்காம். எங்கட பக்கந்தானாம். ஒரே சத்தம், ஹோன் அடிக்கிற. நெஞ்சு அடிக்கத் தொடங்கிட்டு, பாதில நிறுத்திட்டேன்."

"நல்ல வேலை செஞ்சீங்க. யாரு பேசுறாங்க?"

"தெரியா மிஸ். மச்சிட குரூப்ல வந்த, அவக்கி வேற யாரோ அனுப்பினயாம்."

"எங்க நின்னு பேசுறாங்க? எத்தன மணிக்கு?"

"தெரியா."

"உங்க வீட்டுப் பக்கம் எப்படி இருக்கு?"

"அமைதியா ஈக்கி. ஒரு சத்தமும் இல்ல. பக்கத்து வீட்டாக்கள் வெளியாவப் போறயாம், வேன் வந்தீக்கி. றிஸ்விட வாப்பாவயும் ஏத்திக்கிட்டு வாங்கண்டு கூப்பிடுறாங்க. நான் என்ன செய்ற, மிஸ்?"

அந்தக் கேள்விக்குப் பிறகு எவ்வளவு நேரம் சும்மா இருந்தோம் என்று பாலாம்பிகை பின்னால் பல தடவை எண்ணிப் பார்த்திருக்கிறார். மூச்சு ஒன்றோ இரண்டோ, அவ்வளவுதான். அமைதியான சந்து, ஓடச் சொல்கிற குரல், வீதிக்கு இறங்குகிற குடும்பம். முற்றத்துக் கொடியில் கிடந்த சாரம் கண்ணுக்குள் வந்து நின்றது.

"ரோட்டுக்கு மட்டும் இறங்காதீங்க உம்மா. கதவப் பூட்டிட்டு உள்ள இருங்க. நான் விசாரிச்சுச் சொல்றேன்."

"சரி மிஸ்" என்றார் ஆஸியா உம்மா. "நான் இத அழிக்க மாட்டேன். சனிக்கிழம வகுப்புக்குக் காட்டலாம்."

பாலாம்பிகை விசாரித்தார். பொலிஸுக்கு எடுத்தார், யாரும் தூக்கவில்லை. தெரிந்த மூன்று பேருக்கு எடுத்தார், இரண்டு பேருக்குத் தெரியவில்லை. மூன்றாவது ஆள் பார்த்துச் சொல்வதாகச் சொன்னார். அவர் திரும்ப எடுத்தபோது மணி இரண்டு நாற்பது. திகனவுக்கு இந்தப் பக்கம் கடைகள் எரிகின்றன, தன் வீட்டு மாடியில் இருந்து கண்ணால் பார்க்கிறேன் என்றார். பேர், இடம், நேரம் மூன்றும் அதில் இருந்தன. பாலாம்பிகை ஆஸியா உம்மாவுக்கு எடுத்தார். மணி அடித்துக்கொண்டே இருந்தது.

பின்னேரம் ஊரடங்குச் சட்டம் போட்டார்கள். இரண்டு நாள் கழித்து வட்ஸ்அப்பும் பேஸ்புக்கும் நின்றுபோயின. பாலாம்பிகை படிக்கட்டுப் பாதையில் உட்கார்ந்து சாதாரண அழைப்பாக எடுத்துக்கொண்டே இருந்தார். சோறு ஆக்கவில்லை. தேத்தண்ணி போட்டதும் குடிக்காமல் ஆறியது.

வியாழக்கிழமை காலையில் நவரட்ணராஜா எடுத்தார். அவருடைய மருமகளுக்கு ஆஸ்பத்திரியில் வேலை. லாபிர் அன்று விடியற்காலையில் வார்டில் இறந்துபோனார். முன்கடைக்கு நெருப்பு வைத்ததும் வெட்டுத்துணி மூட்டைகள் பிடித்துக்கொண்டன. ஆஸியா உம்மா கணவனைப் பாயோடு சேர்த்துக் குசினி வரைக்கும் இழுத்திருக்கிறார். அதற்கு மேல் முடியவில்லை. ஆஸியா உம்மாவுக்குக் கையில் சூடு, லாபிருக்கு நெஞ்செல்லாம் புகை.

"யாரு சொன்னது, சார்?" என்று கேட்டார் பாலாம்பிகை. வாய்ப் பழக்கம் அது. "மருமக கண்ணால கண்டாங்களா? எத்தன மணிக்கு?"

நவரட்ணராஜா அவரிடம் ஒரு நாளும் குரல் உயர்த்தியதில்லை. அன்றைக்கு உயர்த்தினார். "என்ன பிள்ளை, செத்த மனிசனுக்கும் சாட்சி கேக்கிறீரோ?" பிறகு கிழவர் அழுகிற சத்தம் மட்டும் கேட்டது.

வகுப்பு நின்றது. பாலாம்பிகை வாசிப்பறைச் சாவியைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். கரும்பலகையை அழிக்க வேண்டும் என்று ஒரு நாள் போனவர், வாசல் வரை போய்த் திரும்பிவிட்டார். லாபிரின் ஜனாஸா அடக்கத்துக்குப் போகாததற்கு ஊரடங்கைக் காரணம் சொல்லலாம். அதன் பிறகு போகாததற்கு என்ன காரணம்? பயம்தான். வேனில் ஏறிய பக்கத்து வீட்டுக் குடும்பம் ஒரு கீறலும் இல்லாமல் அக்குறணைக்குப் போய்ச் சேர்ந்தது என்று கேள்விப்பட்ட நாளில் இருந்து அவர் கண்ணாடியைக்கூடப் பார்க்கவில்லை. மீன்காரர் வாசலில் வந்து பழக்கப்படி செவுளைத் தூக்கிக் காட்டினார். "என்னமோ ஒண்ணக் குடுங்க" என்று சொல்லிவிட்டு உள்ளே போன மிஸ்ஸை அவர் வாயைப் பிளந்து பார்த்தார்.

ஏப்ரல் முடிகிற நேரம் போன் அடித்தது. ஆஸியா உம்மாவின் பெயர் திரையில் வந்தது. பாலாம்பிகை நாலைந்து மணி அடிக்க விட்டுத்தான் எடுத்தார்.

"மிஸ், வீட்டு வேல செஞ்சி வச்சீக்கி. நான் இத்தாவுல ஈக்கிறேன், வெளியாவ ஏலா. நீங்க வாங்களேன்."

கணவனை இழந்த பெண் நாலு மாதமும் பத்து நாளும் வீட்டுக்குள் இருக்க வேண்டும் என்பது அவர்கள் வழக்கம். அக்குறணையில் தங்கை வீட்டின் உள்ளறையில், வெள்ளைச் சேலையில் ஆஸியா உம்மா இருந்தார். ஆள் பாதியாகிவிட்டார். இடது கையில் முழங்கை வரைக்கும் தோல் சுருங்கி மினுங்கியது. பாலாம்பிகை வாசற்படியிலேயே நின்றுவிட்டார்.

"உள்ளுக்கு வாங்க மிஸ். கதிர ஈக்கி."

கதிரையில் உட்காரவில்லை. கீழே, பாயில், அவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். ஆஸியா உம்மா கொப்பியைத் திறந்து, அந்தத் திங்கட்கிழமைப் பக்கத்தை வாசித்தார்.

"பேர், தெரியா. இடம், தெரியா. நேரம், தெரியா. மிஸ்ஸிடம் கேட்டேன். இருக்கச் சொன்னார்."

"உம்மா" என்றார் பாலாம்பிகை. "அன்னைக்கு நான் உங்களுக்குப் பாடம் சொல்லல. நீங்க கேட்டப்போ நான் ஒண்ணும் யோசிக்கல. எங்கப்பாதான் கண்ணுக்குள்ள வந்தாரு. ரோடுன்னா எனக்குப் பயம். முப்பத்தஞ்சு வருசமாப் பயம். அந்தப் பயத்தத்தான் நான் அறிவுன்னு எல்லாருக்கும் சொல்லிக் குடுத்திருக்கேன். வேன் வாசல்ல நின்னுச்சு. பொய்யா இருந்தா திரும்பி வந்திருக்கலாம். அத ஒரு நிமிசம் நான் நெனச்சுப் பாக்கல. அவர நான்தான்..."

"போதும் மிஸ்." ஆஸியா உம்மா சுட்ட கையால் அவர் கையைப் பிடித்தார். "எனக்குத் தெரியும். ஒங்கட கொரல் அண்டைக்கு நடுங்கிச்சி. வாவிக்கரையில செல்லக்கொள நடுங்கின மாதிரியே. தெரிஞ்சிக்கிட்டுத்தான் நானும் இருந்த. நெருப்பு வச்சது நீங்களா?"

முன்னறையில் றிஸ்வி யாரோ வந்தவர்களோடு கதைத்துக்கொண்டிருந்தான். தகப்பனின் முகத்தைப் பார்க்கக் கிடைக்காத பிள்ளை. இறந்தவருக்காக நாற்பதாம் நாள் ஓதுகிற கத்தத்துக்குத்தான் லீவு கிடைத்து வந்திருந்தான்.

"கத்தத்துக்கு ஒத்தர் வந்த" என்றார் ஆஸியா உம்மா. "முன்னுக்கு இருந்து றிஸ்வியோட கதைச்ச, எனக்குத் திரைக்கு இங்கால கேட்டிச்சி. 'தம்பி, நான் அனுப்பினேனே, உம்மாக்குக் கெடைக்கல்லயா? அவங்க மாதிரி ஆக்களுக்கெண்டுதானே அனுப்பின' எண்டு கேட்டு அழுதார். அவர் போனதுக்குப் பொறகு, அழிக்காம வச்சிருந்தயதானே, எடுத்துக் கேட்டேன். இந்த முற பாதில நிறுத்தல்ல."

தலையணைக்கு அடியில் இருந்து போனை எடுத்தார். மிஸ் சொல்லிக்கொடுத்தபடியே ஒலியைக் கூட்டினார். விரலை வைத்தார்.

முதலில் ஹோன் சத்தம், அதற்கு மேலாக ஒரு ஆணின் கத்தல். பஸ்ஸில் ஆட்கள் போகிறார்கள், பொல்லு இருக்கிறது, பெற்றோல் கேன் இருக்கிறது, திகனப் பக்கம்தான் போகிறார்கள். இருபது விநாடி. ஆஸியா உம்மா விரலைக் காட்டினார், இந்த இடத்தில்தான் அன்று நிறுத்தியது. குரல் தொடர்ந்து ஓடியது. ரோட்டோரத்தில் கடை உள்ளவர்கள் வெளியேறுங்கள், படுக்கையில் ஆள் இருந்தால் முதலில் அவர்களை ஏற்றுங்கள், இன்னும் நேரம் இருக்கிறது. ஒரு பஸ் கடந்து போகிற இரைச்சல். பிறகு சத்தம் அடங்கி, கட்டிப்போன அந்தத் தொண்டை மூச்சு வாங்கிக்கொண்டு, நிறுத்தி நிறுத்தி, வகுப்பில் ஒப்புவிப்பது போல் சொன்னது.

"இப்படிக்கு முனாப். பல்லேகல சந்தி. மணி ஒண்டு இருவது. என்ட கண்ணால கண்ட."

போன் தானாக நின்றது.

"ஒழுங்காத்தான் செல்லீக்கார், மிஸ்" என்றார் ஆஸியா உம்மா. "நீங்க படிச்சிக் குடுத்த மாதிரியே. கடுதாசி மாதிரி, முடிவுல. நானும் நீங்க படிச்சிக் குடுத்த மாதிரித்தான் நிறுத்தின."

அதில் குற்றம் சொல்கிற தொனியே இல்லை. அதுதான் பாலாம்பிகைக்குத் தாங்கவில்லை. ஆஸியா உம்மா பென்சிலை எடுத்து, பழைய பக்கத்தில் மூன்று 'தெரியா'வையும் ஒவ்வொன்றாக வெட்டினார். பக்கத்தில் அரபு எழுத்தில், வலமிருந்து இடமாக, மெதுவாக எழுதினார். எழுதியதை வாசித்துக் காட்டினார். பேர், முனாப். இடம், பல்லேகல சந்தி. நேரம், ஒன்று இருபது. பிறகு ஒவ்வொரு சனிக்கிழமையும் நீட்டுவது போலக் கொப்பியை மிஸ்ஸிடம் நீட்டினார்.

சிவப்புப் பேனா கைப்பையில்தான் இருந்தது. பாலாம்பிகை அதை எடுத்து மூடியைக் கழற்றினார். எழுதியதில் ஒரு பிழையும் இல்லை, சரி போட வேண்டியதுதான். கை எழும்பவில்லை. தன்னால் வாசிக்க முடியாத அந்தப் பக்கத்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, எண்பத்து மூன்றில் அழாத அழுகையையும் சேர்த்து அழுதார். ஆஸியா உம்மா சேலைத் தலைப்பை எடுத்து, வாவிக்கரையில் செய்தது போலவே, அவர் முகத்தைத் துடைக்கத் தொடங்கினார்.